இத்தனை வருஷம் சும்மா இருந்தது, ஏன் இப்போது கிளம்பியது?

பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய், முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருக்கிறது என்று தெரிந்த வாரத்தில் எங்கள் குடும்பம் இரண்டு கட்சியாகிவிட்டது. "பயாப்சின்னு ஊசியை விட்டுக் குத்துனாங்க பாரு, அதுலதான் பரவிடுச்சு. சும்மா கிடந்ததைக் கிளறி விட்டுட்டாங்க" என்பது அத்தையின் கட்சி. மஞ்சக்குப்பத்து உறவுக்காரர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம். நானும் தங்கையும் எதிர்க்கட்சி. எங்கள் தரப்பு வாதம் எளிது. எலும்பு ஸ்கேன் எடுத்தது பயாப்சி முடிந்து சில நாட்களில். ஊசி குத்தியதில் நகர்ந்த ஒரு செல் அதற்குள் எலும்பில் போய் உட்கார்ந்து, ஸ்கேனில் கறுப்பாகத் தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிடாது. முதுகுவலி என்று அவர் சொல்லத் தொடங்கியது அதற்கும் வெகு முன்னால். புராஸ்டேட்டில் ஊசித் தடத்தின் வழியாக நோய் பரவுவது மிக மிக அரிது என்று டாக்டரும் சொன்னார். வாதத்தில் ஜெயித்தாகிவிட்டது. ஆனால் அத்தையின் வாக்கியத்தில் 'சும்மா கிடந்தது' என்ற பாதியைப் பெரியப்பா எடுத்து வைத்துக்கொண்டார்.

அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்துப்போட்ட பிறகு, மாவட்டம் முழுக்க விழுந்து கிடந்த கம்பங்களை நிமிர்த்திய ஆட்களில் ஒருவர். எந்தக் கோளாறுக்கும் காரணம் தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது. "சரிடா தம்பி, ஊசி காரணம் இல்ல. ஆனா டாக்டர் என்ன சொல்றாரு? இது பல வருஷமாவே உள்ள இருந்திருக்கும்ங்கறாரு. அத்தனை வருஷம் அது பாட்டுக்கு இருந்தது, ஏன் இப்ப கிளம்புச்சு?" என்று கேட்டார். நான் வயது, மரபணு மாற்றம் என்று ஏதோ சொன்னேன். "அது எப்படி வந்துச்சுங்கறதுக்குப் பதில். நான் கேட்டது அது இல்ல" என்றார். நான் மருத்துவன் இல்லை, வேதியியல் படித்தவன். இருந்தாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவருடைய கேள்வி எவ்வளவு சரியானது என்பது கொஞ்சம் படித்த பிறகுதான் புரிந்தது. வேறு காரணத்தால் இறந்துபோன வயதான ஆண்களின் உடலைப் பரிசோதித்தால், பலருக்குப் புராஸ்டேட்டில் சின்னதாகப் புற்றுநோய் இருப்பது தெரிகிறது. அவர்களுக்கு அது இருந்ததே தெரியாது. பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை, புராஸ்டேட்டைத் தாண்டாத நோய் உள்ள 1643 பேரை மூன்று பிரிவாக்கி ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவது பிரிவை அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு காத்திருப்பது. 2023-இல் வந்த பதினைந்து வருட முடிவில், புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தத்தில் சுமார் 2.7 சதவீதம்தான், மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, கெட்டுப்போன செல் உடம்பில் இருப்பது ஒரு விஷயம், அது ஊரை விட்டுக் கிளம்புவது முற்றிலும் வேறு விஷயம். நாம் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பேஜட் எண்ணிய 735 பேர்

1889-இல் ஸ்டீஃபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தார். நோய் இரத்தத்தோடு எங்கே வேண்டுமானாலும் போய் ஒதுங்கும் என்றால், ஈரலிலும் மண்ணீரலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஈரலில் ஏராளம், மண்ணீரலில் கொஞ்சம். விதை எங்கும் விழும், ஆனால் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். பலா விளைகிற பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் நெடுங்காலம் அந்தக் கருத்து ஓரமாகக் கிடந்தது. இரத்தக்குழாய் போகிற வழிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நினைத்தவர்கள் அதிகம். புராஸ்டேட்டைப் பொறுத்தவரை அவர்களிடம் நல்ல ஆதாரமும் இருந்தது. 1940-இல் ஆஸ்கர் பேட்ஸன் இறந்த உடல்களில் சாயம் செலுத்திப் பார்த்து, இடுப்புப் பகுதியின் சிரைகளுக்கும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதைக் காட்டினார். அந்தச் சிரைகளில் வால்வு இல்லை. இருமினாலோ முக்கினாலோ இரத்தம் பின்னோக்கியும் போகும். புராஸ்டேட் நோய் முதுகெலும்புக்குப் போக இதுவே போதும் என்று தோன்றும். எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வழி இருப்பதாலேயே போய்ச் சேர்ந்த இடத்தில் பிழைத்துவிட முடியாது. இரத்தத்தில் இறங்கும் புற்றுசெல்களில் மிகச் சிறிய பங்குதான் எங்காவது குடியேறுகிறது, மற்றவை செத்துப்போகின்றன. 1970-களுக்குப் பிறகு ஐசையா ஃபிட்லரின் எலிச் சோதனைகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டிய பிறகுதான் பேஜட்டை மறுபடி எடுத்துப் படித்தார்கள்.

ரோஸ் நிறப் பகுதி

என்னோடு கல்லூரி விடுதியில் இருந்த ஒருவன் பிற்பாடு மருத்துவத்துக்குப் போய், புதுச்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் பேதாலஜிஸ்டாக இருக்கிறான். இன்னொருவரிடமும் கருத்துக் கேட்டுவிடலாம் என்று பெரியப்பாவின் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் வாங்கிக்கொண்டு அவனிடம் போனேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப் அவனிடம் இருந்தது. அறிக்கையில், நோயின் மூர்க்கத்தைக் காட்டும் கிளீசன் ஸ்கோர் 4+4=8 என்று போட்டிருந்தார்கள். கெட்ட செல் எப்படி இருக்கும், அதைக் காட்டு என்றேன். "நீ செல்லைத் தேடுற. நாங்க அதைப் பார்த்து இந்த நம்பர் போடறதில்ல" என்றான்.

விஷயம் இதுதான். 1966-இல் மினியாபொலிஸில் டொனால்ட் கிளீசன் இந்த மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தபோது, தனித்தனி செல்லின் தோற்றத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை. குறைந்த உருப்பெருக்கத்தில், சுரப்பிகள் எப்படி அமைந்திருக்கின்றன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டனவா, தங்கள் எல்லையைக் காத்துக்கொண்டிருக்கின்றனவா என்பதை வைத்தே தரம் பிரித்தார். இத்தனை ஆண்டுகளில் அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது, அடிப்படை மாறவில்லை. அதாவது, உலகம் முழுக்க ஒரு புராஸ்டேட் நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்கிற அந்த எண், அந்தச் செல்கள் தாங்கள் இருக்கும் இடத்தோடு எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கான மதிப்பெண். இத்தனை பேர் கிளீசன் ஸ்கோர் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், யாரும் இதைச் சொன்னதில்லை.

பிறகு ஸ்லைடை நகர்த்தி, ஊதா நிறச் சுரப்பிகளுக்கு இடையே ரோஸ் நிறமாகக் கிடந்த பகுதியைக் காட்டினான். பார்க்கிற யாருக்கும் அது படத்தில் காலியிடம். "இதுதான் ஸ்ட்ரோமா. நல்ல புராஸ்டேட்ல இங்க பெரும்பாலும் மென்தசை இருக்கும். கேன்சரை ஒட்டின இடத்துல பாரு, தசை குறைஞ்சு போயி ஃபைப்ரோபிளாஸ்ட் நிறைய வந்திருக்கு." காயம் பட்டால் ஓடிவந்து நார் நெய்து அடைக்கிற செல்கள் அவை. காயம் ஆறியதும் அடங்கிவிட வேண்டும். இங்கே அடங்குவதில்லை. புற்றுக்கட்டிகள் ஆறாத காயங்கள் என்று 1986-இல் ஹெரால்ட் ட்வோரக் எழுதியது இதைத்தான். ஓரிடத்தில் ஒரு நரம்பு, அதைச் சுற்றி வளையம் கட்டியதுபோல் புற்றுசெல்கள். அறிக்கையில் அதற்கு ஒரே ஒரு வரி இருந்தது, நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறது என்று. நரம்பு சும்மா பாதையாக மட்டும் இருப்பதில்லை. உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் நரம்புகளில் பரிவு, இணைப்பரிவு என்று இரண்டு வகை. 2013-இல் வந்த ஒரு எலி ஆய்வில், பரிவு நரம்புகளை முன்கூட்டியே அழித்தபோது புராஸ்டேட் கட்டி வளர்வது தடைபட்டது. இணைப்பரிவு நரம்புகளின் சமிக்ஞை, கட்டியைச் சுற்றியுள்ள ஸ்ட்ரோமாவின் வழியாக, அது பரவ உதவியது.

அன்று திரும்பி வருகிற பேருந்தில், அவன் அனுப்பியிருந்த ஒரு ஆய்வுக் கட்டுரையைத் தவளக்குப்பம் தாண்டும்போது படிக்க ஆரம்பித்தேன். திருப்பாதிரிப்புலியூர் வந்து இறங்கியும் பேருந்து நிலையத்திலேயே ஒரு தூண் ஓரமாக நின்று படித்து முடித்தேன். 1999-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரால்ட் குன்ஹாவும் தியா டில்ஸ்டியும் அவர்களுடைய சகாக்களும் செய்தது. மனிதர்களின் புராஸ்டேட்டிலிருந்து இரண்டு வகை ஃபைப்ரோபிளாஸ்ட்களை எடுத்தார்கள். ஒன்று நல்ல திசுவிலிருந்து, இன்னொன்று புற்றுக்கட்டியின் உள்ளேயிருந்து. இன்னொரு பக்கம், சுரப்பியின் உள்வரிசைச் செல்களிலும் இரண்டு வகை. ஒன்று நல்லது. மற்றது பாதி வழி கெட்டது. சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும், ஆனால் தனியாகக் கட்டி ஆகாது. இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்தார்கள். பாதி கெட்ட செல்லோடு நல்ல ஃபைப்ரோபிளாஸ்ட் சேர்ந்தபோது கட்டி வரவில்லை. அதே பாதி கெட்ட செல்லோடு, கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் சேர்ந்தபோது பெரிய கட்டி. நல்ல செல்லோடு கெட்டுப்போன ஃபைப்ரோபிளாஸ்ட் சேர்ந்தபோதும் புற்றுநோய் வரவில்லை.

இந்தக் கடைசி முடிவை நான் இரண்டாம் முறை படித்தேன். சுற்றுப்புறம் கெட்டால் எல்லாம் கெடும் என்று அது சொல்லவில்லை. செல்லும் பாதி கெட்டிருக்க வேண்டும், அக்கம்பக்கமும் மாறியிருக்க வேண்டும். பெரியப்பா கேட்டதற்கு அருகில் வருகிற முதல் பதிலை நான் பார்த்தது அங்கேதான். செல் அதே செல்லாகவே இருந்திருக்கலாம். அதைக் கட்டிப்போட்டிருந்தவர்கள் மாறியிருக்கலாம். 2001-இல் ஜூடித் காம்பீசியின் குழு இதோடு இன்னொன்றைச் சேர்த்தது. வயதாகிப் பிரிவதை நிறுத்திவிட்ட ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஓய்வு பெற்று உட்கார்ந்துவிடுவதில்லை. அவை பல பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன, அந்தச் சுரப்பு பக்கத்தில் உள்ள பாதி கெட்ட செல்லை வளரத் தூண்டுகிறது. வயதானால் ஏன் இந்த நோய் என்பதற்கு, செல்லுக்குள் சேரும் பிழைகளின் எண்ணிக்கை மட்டுமே பதில் இல்லை. அன்று இரவே அவரிடம் சொன்னேன். "அப்ப காவக்காரன் கிழவனாயிட்டான்ங்கறே" என்றார். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் காவல்காரன் சம்பளம் வாங்கிக்கொண்டு திருடனுக்கு வேலை பார்க்கிறான் என்றேன். சிரித்தார்.

எலும்புக்குள் என்ன நடக்கிறது

கிளம்பியதற்கு ஒரு பதில் கிடைத்தது என்றால், எலும்பில் போய் நிலைத்ததற்கு வேறு கதை. எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தின் தாய்ச் செல்கள் தங்குவதற்கென்று இடங்கள் உண்டு. அங்குள்ள செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற ஒரு பொருளைச் சுரந்து தாய்ச் செல்களைத் தங்களிடம் இழுத்து வைத்துக்கொள்கின்றன. அந்த அழைப்பைக் கேட்கும் ஏற்பி புராஸ்டேட் புற்றுசெல்களிலும் இருக்கிறது. 2011-இல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்று, புற்றுசெல்கள் அந்த இடத்துக்காகத் தாய்ச் செல்களோடு போட்டி போட்டு உள்ளே புகுந்துகொள்வதைக் காட்டியது. புகுந்ததும் உடனே பெருகிவிடுவதில்லை. வருஷக்கணக்கில் தூங்குகின்றன. தூங்கவைப்பதும் அந்த இடம்தான், எழுப்புவதும் அந்த இடம்தான்.

எழுந்த பிறகு எலும்பின் சொந்த ஆட்களே வேலைக்கு இழுக்கப்படுகிறார்கள். எலும்பு ஒரு தடவை கட்டி முடித்துவிட்ட பொருள் இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் கரைத்துக்கொண்டே இருக்கும், ஆஸ்டியோபிளாஸ்ட் கட்டிக்கொண்டே இருக்கும். புற்றுசெல் இரண்டையும் முடுக்கிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் சேமிப்பில் இருந்த டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் வெளியே வருகின்றன. அவற்றைக் குடித்துப் புற்றுசெல் வளர்கிறது, வளர்ந்ததும் இன்னும் கரைக்கச் சொல்கிறது. புராஸ்டேட்டில் கட்டுகிற பக்கம் கை ஓங்கியிருப்பதால் எக்ஸ்ரேயில் அந்த இடங்கள் வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். பார்த்தால் எலும்பு கெட்டியாகிவிட்டதுபோல் இருக்கும். தாறுமாறாகக் கட்டிய எலும்பு அது, வலிமை இல்லாதது. பெரியப்பாவின் படத்தைப் பார்த்த சித்தப்பா "எலும்பு நல்லா ஸ்ட்ராங்கா வெள்ளையா இருக்கே" என்று சந்தோஷப்பட்டார். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடலூரில் உட்கார்ந்துகொண்டு புற்றுநோய்க்குச் சுற்றியிருப்பதும் காரணம் என்று பேசினால் அடுத்த நிமிடம் பேச்சு சிப்காட்டுக்குப் போய்விடும். காற்றும் நீரும் தனி விவகாரம், பேச வேண்டியதுதான், ஆனால் நான் சொல்வது அதுவல்ல. நான் சொல்லும் அக்கம்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் இருக்கிறது. இன்னொரு கூட்டம் இதைக் கேட்டதும், உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும் என்று முள்சீத்தா இலைக் கஷாயத்தோடு வந்துவிடுகிறது. அதைவிட எனக்கு எரிச்சல், "மனசைச் சந்தோஷமா வெச்சிருந்தா வந்திருக்காது" என்பவர்கள்மேல். நோயாளியின் தலையில் குற்றத்தையும் ஏற்றுகிற பேச்சு அது. ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குப் பெரியப்பாவின் குணம் தெரியாது.

சுற்றியிருப்பதைச் சரிசெய்தால் நோய் நின்றுவிடும் என்கிற உற்சாகத்துக்கும் அடி விழுந்திருக்கிறது. கணையப் புற்றுநோயில், எலிகளின் கட்டியைச் சுற்றியிருந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களை ஒழித்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளிவந்த முடிவுகளில் நோய் இன்னும் மூர்க்கமானது. அந்தச் செல்களில் சில, நோயைத் தடுத்தும் வைத்திருந்திருக்கின்றன. புராஸ்டேட்டில், எலும்பு கட்டும் சமிக்ஞையைத் தடுக்கலாம் என்று வந்த அட்ராசென்டான், ஜிபோடென்டான் என்ற மருந்துகள் இரண்டும் பெரிய சோதனைகளில் தோற்றன. டெனோசுமாப் மட்டும் கொஞ்சம் தேறியது. எலும்பைக் கரைக்கும் செல்லைக் கட்டுப்படுத்தும் மருந்து அது. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காமல் போய், ஆனால் இன்னும் எலும்புக்குப் போகாத நோயாளிகளிடம் சோதித்தபோது, எலும்புக்குப் பரவுவதை அது சுமார் நான்கு மாதம் தள்ளிப்போட்டது. 2012-இல் வந்த முடிவு. ஆயுள் கூடவில்லை. நான்கு மாதம்தானா என்று சோர்ந்துபோகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புற்றுசெல்லைத் தொடாத ஒரு மருந்து, எலும்பை மட்டும் தொட்டுப் பரவுதலைத் தாமதப்படுத்த முடிந்திருக்கிறது. பேஜட் சொன்னது மனிதர்களிடத்திலும் சரிதான் என்பதற்கு அதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பாவுக்கு ஹார்மோன் ஊசியில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதம், இரத்தத்தில் அதன் அளவை வைத்து நோயின் போக்கைப் பார்ப்பார்கள்) நன்றாக இறங்கியது. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டியதும், அதற்கு 1966-இல் நோபல் பரிசு பெற்றதும்தான் இன்றுவரை இந்தச் சிகிச்சையின் அடிப்படை. இப்போது பி.எஸ்.ஏ. மறுபடி ஏறுகிறது. இதிலும் அக்கம்பக்கத்துக்குப் பங்கு உண்டு. ஹார்மோன் கிடைக்காமல் போனதும், கட்டியின் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நியூரெகுலின் என்ற வேறொரு பொருளைச் சுரந்து புற்றுசெல்லைப் பிழைக்க வைக்கின்றன என்று 2020-இல் ஒரு ஆய்வு வந்தது. இவருக்கும் அதுதான் நடந்ததா என்று சொல்ல எந்தப் பரிசோதனையும் இங்கே செய்வதில்லை. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். கூடவே எலும்புக்கு ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடலாம், அதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர்.

"கேன்சர் ஊசிக்குப் பல் டாக்டர் எதுக்கு?" என்று பெரியப்பா என்னிடம் சண்டைக்கு வந்தார். இது கேன்சருக்கான ஊசி இல்லை, உங்கள் எலும்பைக் கரைக்கிற செல்லை அடக்குகிற ஊசி, தாடை எலும்புக்கும் அதே செல்தான், ஊசி போட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடைப் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம், அதனால் ஆடுகிற பல்லை முதலில் எடுத்துவிட்டு ஆறியதும் ஊசி என்று சொன்னேன். இதை மட்டும் ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டார். ஆனால் கடைவாய்ப் பல்லைக் கொடுக்கமாட்டேன் என்கிறார். அது ஆடவில்லை, நான்தான் நாக்கால் ஆட்டுகிறேன் என்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.